மலைமேல் கட்டிடம், கரண்ட் கம்பம் கிடையாது: 2 கிலோவாட் சோலார் போதுமா?

2024 ஜூன் 9, மாலை. வந்த கேள்வி

"கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி, மிளகுத் தோட்டத்துக்குள் ஐந்து அறை கட்டியிருக்கிறோம். உயரம் சுமார் 1,200 மீட்டர். கரண்ட் கம்பம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. காட்டு ஓரம் என்பதால் அனுமதி இழுத்துக்கொண்டே போகிறது. எங்களுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் போதும். 2 கிலோவாட் பேனல் போட்டால் தினமும் 8 யூனிட் வரும், 150 ஏ.எச். பேட்டரி இரண்டு வைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். தேவையைப்போல இரண்டு மடங்கு வருகிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்."

ஜூன் 9, இரவு

யோசிக்க இருக்கிறது தம்பி. 8 யூனிட் என்பது சராசரி. மார்ச் மாதம் 9 வரும், நவம்பரில் மேகம் உட்கார்ந்துவிட்டால் 1 வரும். இரண்டையும் கூட்டி வகுத்த கணக்கை வைத்து நவம்பர் இரவில் விளக்கு எரியாது.

எங்கள் கட்டிடம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு மேலே காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. 1,400 மீட்டர். காவல் பார்க்கும் அண்ணன் குடும்பத்துக்கு ஒரு வீடு, தோட்டத்துப் பிள்ளைகள் மாலையில் படிக்க ஒரு அறை, நாங்கள் போனால் தங்க இரண்டு அறை. 2016 முதல் சோலார்தான், வேறு எதுவும் கிடையாது. நான் சொல்வது எல்லாம் அங்கே பட்டது.

பேட்டரிக் கணக்கு முதலில். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்றால் 1.8 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியை, அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் சாதா பேட்டரியை, பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். ஆக ஒன்றுக்கு 0.9 யூனிட், இரண்டுக்கு 1.8. உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 4. மூன்று நாள் சூரியன் வராவிட்டால் 12 யூனிட் கையிருப்பு வேண்டும். அதற்கு இதே பேட்டரி பதிமூன்று பதினான்கு வேண்டியிருக்கும். லித்தியம் என்றால் 51.2 வோல்ட் 100 ஏ.எச். பெட்டி மூன்று.

கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. நாமக்கல்லில் கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டுக்கு அவர் சொன்ன கணக்கு சரிதான். மலைக்கு அது பொருந்தாது.

ஜூன் 11

என்னென்ன ஓடப் போகிறது என்று கேட்டேன், தம்பி பட்டியல் அனுப்பியிருக்கிறார். எல்.இ.டி. பல்பு 14. சாதா மின்விசிறி 4. 190 லிட்டர் ஃப்ரிட்ஜ். டிவி. ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டார். மிக்சி. வைஃபை பெட்டி.

4 யூனிட்டில் கிட்டத்தட்ட பாதியை மின்விசிறி தின்கிறது. 75 வாட் விசிறி நான்கு, ஆறு மணி நேரம், 1.8 யூனிட். அதையே பி.எல்.டி.சி. விசிறியாக (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) மாற்றினால் ஒன்று 30 வாட்டுக்குள் அடங்கும், 0.7 யூனிட்டில் முடிந்துவிடும். 1,200 மீட்டர் உயரத்தில் நான்கு விசிறி எதற்கு என்பது வேறு கேள்வி. டிசம்பரில் கம்பளி தேடுவீர்கள்.

மிக்சியைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். 500 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினால் 0.1 யூனிட்கூட ஆகாது. 10 வாட் வைஃபை பெட்டி இரவும் பகலும் கிடந்தால் 0.24 யூனிட். சத்தம் போடுவது கொஞ்சம் சாப்பிடுகிறது, சத்தமில்லாமல் கிடப்பது நிறையச் சாப்பிடுகிறது.

மோட்டாரைப் பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் மட்டும் போடுங்கள். மேலே தொட்டி பெரிதாக இருக்கட்டும். 2,000 லிட்டரை 20 மீட்டர் ஏற்ற, மோட்டாரின் விரயத்தையும் சேர்த்து 0.3 யூனிட் போதும், அதுவும் பேட்டரியைத் தொடாமல் நேராக வெயிலிலிருந்து. தொட்டியில் நிற்கிற தண்ணீர் பேட்டரியில் நிற்கிற கரண்டுக்குச் சமம். இதற்கு ஐந்து வருடத்தில் மாற்றும் செலவும் கிடையாது.

ஜூன் 12

இன்வெர்ட்டர் சும்மா ஓட எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 15, 20 வாட் இருக்கும். பெரிய விஷயமில்லை.

ஜூன் 15

கடைக்காரர் கொடுத்த படத்தைப் பார்த்தேன். மூன்று பேனலைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, 150 வோல்ட் வரை தாங்கும் கண்ட்ரோலருக்கு (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி அடக்கி ஏற்றும் பெட்டி) கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் முதல் கண்ட்ரோலர் போனது இதனால்தான்.

பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் திறந்த சுற்று வோல்டேஜ் (எதோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 49.5 என்று இருந்தால் அது 25 டிகிரியில் அளந்தது. பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.28 சதவீதம். மூன்று பேனல் 148.5 வோல்ட். காகிதத்தில் 150-க்குள் அடங்குகிறது. டிசம்பர் விடியற்காலை 5 டிகிரிக்கு இறங்கினால் அதே மூன்று பேனல் 156 வோல்ட்டைத் தாண்டும்.

எங்களுக்குப் பொருத்தியவர் சமவெளிக்காரர், நல்ல வேலைக்காரர். அந்தக் கணக்கை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. அக்டோபரில் போட்டது டிசம்பர் வரை அருமையாக ஓடியது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் போன் செய்தார். "தம்பி, வெயில் விழுந்ததும் பொட்டி டப்புன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அப்புறம் லைட்டே இல்ல." வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்த காலை. இரவெல்லாம் பனியில் விறைத்துக் கிடந்த பேனலில் முதல் வெயில் விழுந்த அந்த நொடிதான் வருடத்திலேயே வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும் நேரம்.

மலைக்கு இரண்டு பேனல் தொடர் போதும். இல்லையென்றால் 250 வோல்ட் தாங்குகிற கண்ட்ரோலர் வாங்குங்கள். ஆம்பியர் கூடினால் நல்ல கண்ட்ரோலர் தானே வெட்டிக்கொள்ளும். வோல்டேஜ் கூடினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 30

12-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். நேற்று மலையில்தான் இருந்தேன். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எங்கள் இன்வெர்ட்டர் ஒன்றுமே ஓட்டாமல் 38 வாட் எடுக்கிறது. ஒரு நாளைக்கு 0.9 யூனிட்! கட்டிடத்தின் எல்லா விளக்கும் சேர்ந்து எரிப்பதைவிட இது அதிகம். எட்டு வருடமாக இதை அளக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆக உங்கள் 4 யூனிட் உண்மையில் 5. வாங்கும் முன் "சும்மா கிடக்கும்போது எத்தனை வாட்" என்று கேளுங்கள். பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் பெரிய பசி. நாங்கள் இப்போது இரண்டாகப் பிரிக்கப் போகிறோம். விளக்கும் போன் சார்ஜும் நேராக டி.சி.யில் (பேட்டரியிலிருந்து அப்படியே வரும் கரண்டில்), இன்வெர்ட்டர் தேவைப்படும்போது மட்டும். ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இது முடியாது, தெரியும். அவர்கள் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றை ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனியாக வைக்கலாம்.

ஜூலை 2

டி.சி. என்று சொன்னதும் "அப்போ எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் ஓட்டிவிடலாமா" என்று கேட்கிறீர்கள். தூரத்தைப் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 மீட்டர் தள்ளி இருக்கும் அறை. போக வர 40 மீட்டர். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 2.7 வோல்ட் வழியிலேயே செத்துவிடும். 12-ல் மீதி 9.3. விளக்கு மங்கும், ஃபேன் முனகும். அதே 120 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 2.5 ஆம்பியர்தான், இழப்பு 0.7 வோல்ட், தெரியவே தெரியாது.

ஒரே அறை என்றால் 12. ஐந்து அறை என்றால் 48. நடுவில் 24 போட்டவர்கள் பிறகு 48-க்கு மாறி, கண்ட்ரோலர் இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் இரண்டாம் முறை வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 14

எந்தத் திசை, எவ்வளவு சாய்வு? புத்தகம் சொல்வது: தெற்குப் பார்த்து, உங்கள் அட்சரேகை அளவு. கொல்லிமலை 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. ஆக 11 டிகிரி சாய்வு, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். எங்கள் அனுபவம் அதோடு நிற்கவில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. தெற்குச் சாய்வு அந்த நான்கு மாதமும் கொஞ்சம் நஷ்டம். ஆனால் அப்போது பகல் நீளம், நஷ்டம் வலிக்காது. வலிக்கும் மாதம் நவம்பர், டிசம்பர். அப்போது சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். ஆக மோசமான மாதத்துக்காகச் சாய்வைக் கொஞ்சம் கூட்டி 15, 20 வைக்கலாம். மழைத் தண்ணீரும் வழிந்து பேனலைக் கழுவிவிடும். தட்டையாக வைத்தால் சட்டத்தின் கீழ் ஓரத்தில் தண்ணீர் தேங்கி பாசி கட்டும். எங்கள் முதல் இரண்டு பேனலில் கட்டியது.

இன்னொன்று, இதைப் புத்தகம் சொல்லாது. மலையில் காலை தெளிவாக இருக்கும், இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வரும். தாண்டிக்குடிப் பக்கம் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். மதியத்துக்கு மேல் வராத வெயிலுக்காக மேற்கே பார்த்து என்ன பயன்? எங்கள் பேனலில் பாதியைத் தென்கிழக்குப் பார்க்கத் திருப்பினோம். பத்து மணிக்கே பேட்டரி பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. உங்கள் இடத்தில் மேகம் எந்த நேரத்தில் வரும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள். எந்த ஆப்பும் அந்த அளவு துல்லியமாகச் சொல்லாது.

ஜூலை 15

குரங்கு. மறந்துவிட்டேன். பேனல் மேல் உட்கார்ந்து வெயில் காய்வதோடு விட்டால் பரவாயில்லை, கீழே தொங்கும் வயரைப் பிடித்து ஊஞ்சல் ஆடும். பேனலுக்குப் பின்னால் ஒரு வயர்கூடத் தொங்கக் கூடாது. எல்லாம் பைப்புக்குள் போகட்டும். எலிக்கும் இதே மருந்து.

கண்ட்ரோலர் பெட்டிக்குள் பல்லி போகும். சூடு தேடிப் போய் சர்க்யூட் போர்டில் குறுக்கே படுத்துவிடும், அதுவும் போகும், போர்டும் போகும். காற்று போகும் ஓட்டைகளுக்குக் கொசுவலைக் கம்பி அடித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 4

சுவிட்சர்லாந்து மலைகளில் பனிக்கு நடுவே சோலாரில் விடுதி நடத்துகிறார்களே, நம்மால் ஏன் முடியாது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்வது மான்டே ரோசா குடில். 2,883 மீட்டர் உயரத்தில், பனியாறுகளுக்கு நடுவே. சூரிக்கில் இருக்கும் இ.டி.எச். பல்கலைக்கழகமும் சுவிஸ் ஆல்பைன் கிளப்பும் சேர்ந்து கட்டி 2009-ல் திறந்தார்கள். 120 பேர் படுக்கலாம். தெற்குச் சுவர் முழுக்கப் பேனல். தேவையான ஆற்றலில் 90 சதவீதம் அங்கேயே எடுப்பது இலக்கு. முதல் ஆண்டுகளில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்ததால் அந்தக் கணக்கு இடித்தது. கட்டிடத்தை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஆள் எண்ணிக்கை கூடினால் பேட்டரி இறங்கத்தான் செய்யும்.

ஆனால் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் மேகம். ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் பனிமூட்டம் கீழே பள்ளத்தாக்கில் தேங்கிக் கிடக்கும், 2,500 மீட்டருக்கு மேலே போனால் பளிச்சென்று வெயில். கீழே கிடக்கும் பனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். குளிரில் பேனல் நன்றாக வேலை செய்யும். அங்கேயே முட்சே என்ற அணையின் சுவரில், சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், 2.2 மெகாவாட் பேனல் மாட்டியிருக்கிறார்கள். வருட உற்பத்தியில் கிட்டத்தட்ட பாதி குளிர்கால அரையாண்டில் வருகிறது. அவர்கள் மேகத்துக்கு மேலே இருக்கிறார்கள். நாம் 1,200, 1,400 மீட்டரில் மேகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம்.

லடாக் இன்னொரு மாதிரி. லேயில் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் மழைதான். வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, பிரச்சினை குளிர். அதனால்தான் அங்கே பே கிராமத்தில் இருக்கும் செக்மோல் பள்ளியில் தெற்குப் பார்த்த கண்ணாடியும் தடித்த மண்சுவரும் வைத்து, வெயிலின் சூட்டையே அறைக்குள் பிடித்துவைக்கிறார்கள். பேனல் அதற்கு அடுத்துதான்.

ஆக மலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. ஜவ்வாது மலைக்கும் வால்பாறைக்குமே ஒரே கணக்கு வராது. வால்பாறைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம் சாத்தும். கொல்லிமலைக்கும் எங்களுக்கும் வடகிழக்குப் பருவம்தான் சோதனை.

ஆகஸ்ட் 5

மான்டே ரோசாவைப் பற்றி இன்னொன்று. அந்தக் கட்டிடத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதினார்கள். நாளைய வானிலையையும் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பதையும் வைத்து இன்று எதற்கு எவ்வளவு கரண்ட் செலவழிக்கலாம் என்று அது தீர்மானிக்கும்.

இதைப் படித்ததும் எங்கள் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று பெரும்பள்ளம் பக்கம் பார்ப்பார். "மேகம் குறுக்கே கட்டுது. நாளைக்குப் பொட்டிக்குச் சோறு கம்மி" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்துவிடுவார். சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருக்கிறார்: 12.7 நெறஞ்சது. 12.2 பாதி. அதுக்குக் கீழ பிள்ளைங்க லைட் மட்டும். அந்த எண்களை நான் சொன்னேன். கடைசி வரி அவர் முடிவு. எட்டு வருடத்தில் பிள்ளைகள் படிக்கும் அறை இருட்டானது அந்தக் கண்ட்ரோலர் கெட்டுப்போன அந்த ஒரு வாரம் மட்டும்தான். அதற்கு நான் முழு மனதோடு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

லித்தியத்துக்குக் குளிர் ஆகாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெட்டுவிடும். எடுத்துப் பயன்படுத்தலாம். ஊட்டியில் ஜனவரி உறைபனியில் வெளியே தகரப் பெட்டிக்குள் வைத்தால் கவலைப்பட வேண்டும். கொல்லிமலையில், வீட்டுக்குள் வைத்தால் அந்தக் கவலை தேவையில்லை.

சுவரில் வோல்டேஜ் எழுதி வைப்பது லெட் ஆசிட்டுக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் வோல்டேஜ் நிறைந்திருந்தாலும் பாதியானாலும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும், கடைசியில் மொத்தமாக விழும். உள்ளே போனது, வெளியே போனது இரண்டையும் எண்ணுகிற மீட்டர் தனியாக வேண்டும்.

செப்டம்பர் 8

ஜூன் 9-ல் லித்தியம் மூன்று பெட்டி என்று எழுதினேன். அந்த யோசனையை மாற்றிக்கொள்கிறேன்.

மூன்று நாள் இருட்டுக்குப் பேட்டரி சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். எங்கள் நோட்டை எடுத்து (அண்ணனின் மகள் தினமும் எழுதுகிறாள்) பழைய நவம்பர் பக்கங்களைப் பார்த்தேன். மோசமான வாரங்களில் வெயில் மூன்று நாளில் திரும்பி வரவில்லை. ஐந்து, ஆறு நாள் அரைகுறை வெளிச்சம். பேட்டரி எத்தனை இருந்தாலும் நாலாம் நாள் காலியாகும். காலியான பெரிய பேட்டரியை நிரப்ப அதே பேனலுக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும்.

ஆனால் அந்த நாட்களிலும் பேனல் பூஜ்யம் தரவில்லை. அடர்ந்த மூட்டத்திலும் பத்து, பதினைந்து சதவீதம் வந்துகொண்டிருந்தது. 1.2 கிலோவாட்டில் அது 0.6 யூனிட். மூன்று மடங்கு பேனல் இருந்திருந்தால் 1.8 யூனிட், அதாவது அவசியமானது எல்லாம் அன்றன்றே ஓடியிருக்கும். பேனல் விலை பத்து வருடத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பேனலில் ஓடுகிற பாகம் எதுவும் இல்லை, இருபத்தைந்து வருடம் நிற்கும். பேட்டரி நிற்காது.

ஆக என் இப்போதைய பேச்சு: விசிறியை மாற்றி, இன்வெர்ட்டரைச் சிறிதாக்கி, தேவையை 2.5 யூனிட்டுக்குக் கொண்டுவாருங்கள். மோசமான நாளில் எதையெல்லாம் அணைத்தால் 1.2 யூனிட்டில் ஓட்டலாம் என்று இப்போதே குடும்பத்தோடு பேசிவிடுங்கள். பேனல் 2 வேண்டாம், 3.3 கிலோவாட். லித்தியம் ஒரே பெட்டி, 5.1 யூனிட். அதில் நான்கு எடுக்கலாம். பணம் மிச்சமானால் இரண்டாவது பெட்டி பிறகு.

கோடையில் பாதி வெயில் வீணாகுமே என்கிறீர்களா? வீணாகட்டும். அன்று மோட்டாரை ஓடவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

செப்டம்பர் 9

330 வாட் பேனலாகப் பத்து வாங்குங்கள், 550 வாட்டில் ஆறு வேண்டாம். 550 வாட் பேனல் ஏழரை அடி நீளம், முப்பது கிலோ. ஒற்றையடிப் பாதையில் காற்று அடித்தால் தூக்குகிறவர்களையும் சேர்த்துத் தள்ளும். எங்களுக்குப் பொதிக்குதிரையில் வந்தது. குதிரைக்காரர் பேனலைப் பார்த்துவிட்டு "கண்ணாடியை ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார், பேட்டரியை மட்டும் ஏற்றினார். பேனல் எல்லாம் ஆள் சுமைதான்.

செப்டம்பர் 10

பக்கத்தில் ஓடை உண்டு என்று இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள்! இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீர், 20 மீட்டர் இறக்கம். சின்ன டர்பைன் பாதித் திறனில் ஓடினாலும் கிட்டத்தட்ட 490 வாட். கேட்க ஏதோ கொஞ்சம் போலத் தெரியும். ஆனால் அது இரவும் பகலும் ஓடும், ஒரு நாளைக்கு 11 யூனிட்டுக்கு மேல். எப்போது ஓடும்? மழைக்காலத்தில், வெயில் இல்லாத அதே நாட்களில். கர்நாடகத்தின் மலைநாட்டுத் தோட்டங்களில் இப்படிப் பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஓடை இல்லை, இருந்திருந்தால் கதையே வேறு. மழை பிடித்ததும் ஒரு பக்கெட்டும் கடிகாரமும் எடுத்துப்போய் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று அளந்துவிட்டு வாருங்கள். காட்டுக்குள் ஓடும் பகுதியைத் தொட வேண்டாம், உங்கள் எல்லைக்குள் மட்டும்.

அக்டோபர் 13

இடி மாதம் வந்துவிட்டது. மாட்டி முடித்தீர்களா?

பேனல் பக்கம் சாதாரண வீட்டு எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானே அணையும் பிரேக்கர்) போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். ஏ.சி. கரண்ட் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி அணைந்துவிடும். டி.சி. தொடவே தொடாது, பொறி வில்லாக நின்று எரியும். டி.சி. என்று அச்சடித்த பிரேக்கர்தான் வேண்டும். வெயில் நேரத்தில் பேனல் கனெக்டரை இழுத்துப் பிடுங்கவும் கூடாது, முதலில் பிரேக்கர்.

எர்த் பற்றி. மலையில் இரண்டு அடிக்குக் கீழே பாறை. கம்பியை அடித்துவிட்டு எர்த் ஆகிவிட்டது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். நாங்கள் கட்டிடத்துக்குக் கீழே ஈரம் நிற்கிற இடம் தேடி, பள்ளம் எடுத்து, கரியும் உப்பும் அடுக்கி, அங்கிருந்து பட்டை இழுத்து வந்தோம். இடி காப்பான் இரண்டு பக்கமும் வேண்டும், பேனல் பக்கமும் இன்வெர்ட்டர் பக்கமும்.

லெட் ஆசிட் வைத்திருக்கிறவர்களுக்கு: டிஸ்டில்ட் வாட்டர் கேனை மேலே இருப்பு வையுங்கள். ஒரு வருடம் நான் வைக்காமல் வந்துவிட்டேன். தண்ணீர் குறைந்ததைப் பார்த்து அண்ணன் வீட்டு அக்கா நல்ல ஊற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டார். குடிக்க அமிர்தம், பேட்டரிக்கு விஷம், அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைத் தின்றுவிடும். தவறு அவருடையது இல்லை, கேன் வைக்காதது என் தவறு.

டிசம்பர் 4

ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, அப்புறம் உள்ளே வந்து மெதுவாக நகர்ந்ததில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். கொல்லிமலையை நினைத்து இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இன்று காலைதான் தம்பியின் செய்தி வந்தது. எல்லோரும் நலம். பாதையில் மண் சரிந்திருக்கிறது. வெயில் முகத்தைப் பார்த்து ஐந்து நாள். மீட்டர் கணக்கை அனுப்பியிருக்கிறார்: நாள் உற்பத்தி 1.9, 1.1, 0.8, 1.3, 2.2 யூனிட். பேட்டரி மிகவும் இறங்கியது 31 சதவீதம். ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டு, விளக்கும் போனும் ஒரு விசிறியும் ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து பதினோரு போன் வந்து சார்ஜ் ஆனதாம்.

கடைக்காரர் சொன்ன 2 கிலோவாட்டும் இரண்டு பேட்டரியும் மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் இரவே முடிந்திருக்கும்.

டிசம்பர் 5

அந்தப் பதினோரு போன் பற்றி. உங்கள் கணக்கில் அதைச் சேர்த்துவிடுங்கள். ஒரு போன் 15 வாட் மணிதான், பதினொன்றும் சேர்ந்து 0.2 யூனிட்கூட வராது. புயல் நாளில் மலையில் வெளிச்சம் இருக்கிற ஒரே கட்டிடத்துக்குத்தான் எல்லோரும் வருவார்கள். வராண்டாவில் ஒரு சார்ஜிங் பலகை தனியாக வைத்துவிடுங்கள், உள்ளே கூட்டம் சேராது, அவர்களுக்கும் கேட்கக் கூச்சம் இருக்காது.

டிசம்பர் 22

நேற்று நேரிலேயே கொல்லிமலை போய் வந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அங்கிருந்து அரை மணி நடை.

வேலை சுத்தம். வயர் ஒன்றுகூடத் தொங்கவில்லை. ஒரு குறை. காலை எட்டேகாலுக்குப் பார்த்தேன், பத்துப் பேனலில் கீழ் வரிசை இரண்டின் மேல் சில்வர் ஓக் நிழல் கோடாக விழுகிறது. ஒரு கோடு நிழல் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கை அப்படியே முடக்கும். தொடரில் இருப்பதால் பக்கத்துப் பேனலும் சேர்ந்து தடுமாறும். ஜூலையில் அளந்தபோது அந்த நிழல் இல்லை என்கிறார். இருக்காது. இந்த வாரம் நண்பகலிலேயே 10 மீட்டர் மரத்தின் நிழல் 7 மீட்டர் வடக்கே நீளும், காலையில் இன்னும் நீளம். இடம் பார்க்கப் போகிறவர்கள் டிசம்பரில் போங்கள், காலை எட்டு மணிக்கு நில்லுங்கள்.

மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, வெட்ட அவருடைய அம்மாவுக்கு மனசில்லை. வெட்ட வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். மேற்கே நான்கு அடி தள்ளினால் நிழல் தப்பும். பொங்கலுக்கு முன் அந்த இரண்டு பேனலையும் மாற்றிவிடுகிறேன் என்றார். ஓடையையும் பார்த்தோம். பக்கெட் 2 விநாடியில் நிரம்பியது, 15 லிட்டர் பக்கெட். பிப்ரவரியிலும் ஒரு தடவை அளந்து அனுப்புங்கள் தம்பி, அப்புறம் டர்பைன் பேசுவோம்.